லக்கேகல அடிவாரத்து மீமுரே



கண்டியிலிருந்து மகியங்கனை பஸ்ஸில் ஏறினால் திகன, தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரிய வரும். வழியில் பளபளக்கும் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில்தான் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. ஹுன்னஸ்கிரியவில் இறங்கி இடப்பக்கம் திரும்பும் மலைப்பாதையைப் பிடிக்க வேண்டும். முதலில் தேயிலை, பிறகு காடு. கோர்பட் கணவாயைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து கீழே இறங்கும். அது போய் முடிகிற இடம் மீமுரே. நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள், கூர்முனையோடு தனித்து நிற்கும் லக்கேகல மலையின் அடிவாரத்தில், சுமார் 400 பேர் வாழ்கிற சிற்றூர்.

லக்கேகல உச்சியிலிருந்துதான் இராவணன் தன் விமானத்தில் பறந்தான் என்று ஒரு கதை உண்டு. கண்டி மன்னர் காலத்தில் ஒதுக்கி அனுப்பப்பட்டவர்களின் வழிவந்தவர்களே இந்த மக்கள் என்று இன்னொரு கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் இந்தக் கதைகளோடு நின்றுவிட்டால் ஊரைப் பார்க்காமலே திரும்பியவர்கள் ஆவோம். 'மனிதக் கை படாத சொர்க்கம்' என்று மீமுரேயைச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது. அங்கே கை படாத இடம் ஏது? சரிவை வெட்டித் தட்டுத் தட்டாக வயல் ஆக்கியது யார்? ஓடைத் தண்ணீரை வாய்க்கால் பிடித்துக் கொண்டுவந்து பாய்ச்சுவது யார்?

வீட்டுத் தோட்டத்தைப் பாருங்கள். மேலே பலாவும் கமுகும், அவற்றின் தண்டைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி, நிழலில் கோப்பி, கீழே கிழங்கு வகைகள். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அதுவும் காடுதான்.

கித்துள் மரம் இந்த மக்களின் பெரிய துணை. பாளை வெளிவந்ததும் அதைப் பக்குவப்படுத்தி நுனியைச் சீவிவிட்டால் பதநீர் சொட்டத் தொடங்கும். காலையும் மாலையும் மரமேறிச் சீவ வேண்டும். ஒரு வேளை தவறினாலும் சொட்டு குறைந்துவிடும். இறக்கிய பதநீரை நேரம் கடத்தாமல் அடுப்பில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் புளித்துக் கள்ளாகும். கொதித்து வற்றிய நிலையில் பாணி, இன்னும் இறுகினால் கருப்பட்டி. கண்டிக் கடைகளில் ஒரு போத்தல் பாணியின் விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறோம். அந்த விலைக்குள் ஒருவர் உயிரைப் பணயம் வைத்து ஏறி இறங்கிய உயரமும், அடுப்படியில் ஒரு பெண் புகையோடு நின்ற நேரமும் அடங்கியிருக்கின்றன.

ஊரைச் சூழ்ந்த இந்தக் காட்டின் கதியைத் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் வெளியே இருந்தவர்கள். 1840இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குச் சொந்தமாக்கியது. கோப்பித் தோட்டங்கள் மலையேறின. அவற்றில் உழைக்க நம் மக்கள் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, காடு கடந்து நடந்தே வந்தார்கள். பின்னாளில் தேயிலைக்கு மாறிய ரங்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள். இப்படியே எல்லா மலைகளும் மொட்டையானால் மழை என்னாகும் என்ற அச்சம் வந்த பிறகு, 1873இல், கியூ தாவரவியல் பூங்காவின் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனையின் பேரில் 5,000 அடி உயரத்துக்கு மேலுள்ள காடுகளுக்குக் காப்பு வந்தது.

பிறகு ஏலக்காய் வந்தது. ஏலத்துக்கு நிழல் வேண்டும். அதனால் பெரிய மரங்களை விட்டுவிட்டு அடிக்காட்டை மட்டும் வெட்டி நட்டார்கள். மேலே பச்சை அப்படியே இருக்கும், கீழே இளங்கன்று முளைக்க இடமிருக்காது. காயை உலர்த்தும் சூளைகளுக்கும் காட்டு விறகுதான் எரிந்தது. 2000ஆம் ஆண்டு நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மூக்கில் இலைபோன்ற மடலோடு ஓர் ஓணான் இந்த மலைகளில் மட்டுமே வாழ்கிறது. மகாவலியைப் பெருக்கும் பல ஆறுகளும் இங்கேதான் பிறக்கின்றன. இந்தக் காடு காக்கப்படத்தான் வேண்டும், அதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் வேலி போடும்போது வேலிக்குள் வாழ்பவரையும் கேட்க வேண்டும். எந்த ஓடை எந்த மாதம் வற்றும், எந்தச் சரிவு மழைக்கு அசையும், எந்த மரம் எப்போது பூக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கித்துள் சீவவும் மூலிகை எடுக்கவும் காட்டுக்குள் போகிறவர் ஒவ்வொரு முறையும் குற்றவாளிபோல் ஒளிந்து போகும் நிலை வரக்கூடாது. தலைமுறையாகச் செய்துவந்த தொழிலுக்கு எழுத்தில் உரிமை கொடுங்கள், காட்டுக் காவலில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுங்கள் என்று பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

விடுமுறைக்கு அங்கே போக நினைக்கும் நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்வாசிகளின் வீட்டிலேயே தங்குங்கள், அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுங்கள். மிளகும் பாணியும் அவர்கள் கையாலேயே வாங்குங்கள், விலை பேசிக் குறைக்காதீர்கள். குளிக்கும் ஓடையில் சவர்க்காரம் போடாதீர்கள், கீழே இருப்பவர்களுக்கும் அதே தண்ணீர்தான். கொண்டுபோன பொலித்தீனையும் போத்தலையும் ஒன்று விடாமல் கண்டிக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். மழைக்காலத்தில் கணவாய்ப் பாதை வழுக்கும், மண்ணும் சரியும். அந்த நாட்களில் கிளம்புவதற்கு முன் ஊரில் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்துப் பாதை எப்படி என்று கேளுங்கள். வர வேண்டாம் என்று அவர் சொன்னால் பயணத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிவையுங்கள்.