பொருளுக்குக் குறி, மனிதனுக்கு உரிமை

(வாழைச்சேனையில் விவசாயிகள், மீனவர், ஆசிரியர், உத்தியோகத்தர் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



வர்த்தகத் தாபனங்கள் வானொலி அலையின் துணைகொண்டு பொருள்களையும் மனிதரையும் பின்தொடரும் புதிய முறையைப்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். விஞ்ஞான மண்டபத்திற் பேசவேண்டிய விடயம், வயலும் வாவியும் சூழ்ந்த வாழைச்சேனையில் எதற்கு என்று எவரேனும் கேட்கக்கூடும். மாடு வளர்த்த மக்களுக்கு இந்த விடயம் முற்றிலும் புதியதன்று என்பதே என் முதற் பதில்.

மட்டக்களப்பு நாட்டில் மாட்டுக்குக் குறிசுடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. மாடு எந்தக் காட்டில் மேய்ந்தாலும், எந்தப் பட்டியோடு கலந்தாலும், உடலிலுள்ள குறியைக் கண்டு இது இன்ன குடியாருடையது, இன்னாருடையது என்று நம் முன்னோர் சொன்னார்கள். குறியிடுவதும், பதிவதும், கைமாறும்போது சீட்டுப் பெறுவதும் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளன. ஆகவே குறி ஒன்று, அதை வாசிக்கும் கண் ஒன்று, அதைப் பதிந்துவைக்கும் ஏடு ஒன்று என்னும் மூன்றும் நமக்குப் பழக்கமானவையே.

இன்று உலகச் சந்தையை ஆளும் முறையிலும் இந்த மூன்றுமே இருக்கின்றன. ஆனால் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பழைய குறியைக் கண்ணுள்ள எவரும் வாசிக்கலாம்; புதிய குறியை அதற்குரிய கருவி உள்ளவனே வாசிக்கலாம். அதுவும் குறியைச் சுமப்பவன் அறியாமலே வாசிக்கலாம். நாம் ஆராயவேண்டிய விடயம் முழுவதும் இந்த ஒரு வேற்றுமையில் அடங்கியிருக்கிறது.

ஆர்.எவ்.ஐ.டி. என்று ஆங்கில எழுத்துகளாற் சுட்டப்படும் இம்முறையின் அமைப்பு எளியது. அரிசிமணியினும் சிறிய சில்லு ஒன்று; அதனோடு இணைந்த மெல்லிய உலோக இழை; அவ்வளவே. இச்சில்லுகளிற் பெரும்பாலானவற்றில் மின்கலம் கிடையாது. வாசிக்கும் கருவி அலையை வீசுகிறது. அந்த அலையிலிருந்தே சக்தியைப் பெற்று விழித்தெழும் சில்லு, தன்னிடமுள்ள இலக்கத்தைத் திருப்பி அனுப்புகிறது. மாட்டின் காதில் இடும் வகையை ஓரிரு முழத் தூரத்தில் வாசிக்கலாம். தொழிற்சாலை வாயிலிற் காட்டும் அட்டையைச் சில அங்குலத் தூரத்தில் வாசிக்கலாம். பெட்டிகளிலும் ஆடைகளிலும் ஒட்டும் வகையையோ ஏறக்குறைய 10 மீற்றர் தூரம்வரை வாசிக்கலாம். பொதியை அவிழ்க்கவேண்டியதில்லை, வரிசையில் வைக்கவேண்டியதில்லை, ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான சில்லுகள் தம் இலக்கத்தைச் சொல்லிவிடும்.

கருத்து அளவில் இது பழையது. இரண்டாம் உலக யுத்தத்தில் தம் விமானத்தையும் பகைவர் விமானத்தையும் பிரித்தறியப் பிரித்தானியர் கையாண்ட வானொலிக் குறிப்பே இதன் முன்னோடி. திருப்பி அனுப்பப்படும் அலையின் மூலம் செய்தி பெறலாம் என்பதை ஹரி ஸ்ரொக்மன் என்பவர் 1948இல் எழுதிய ஆய்வுரை விளக்கியது. எனினும் சில்லின் விலை அதிகமாயிருந்ததால், பல ஆண்டுகளாக இது கடைத்தெருவை அடையவில்லை. 1999இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் அமைந்த ஆய்வு நிலையம் அந்தத் தடையை நீக்க முயன்றது. அதன் முன்னோடிகளில் ஒருவர் சஞ்சய் சர்மா என்னும் இந்திய வம்சாவளியினர். சில்லில் விவரங்களை நிரப்பவேண்டாம். ஓர் இலக்கத்தை மட்டும் எழுதுவோம். மற்ற விவரம் யாவும் கணினி ஏட்டில் இருக்கட்டும் என்பதே அவர்கள் வழி. சில்லு எளிதாயிற்று, விலை விழுந்தது. இன்று பெருந்தொகையாக வாங்குவோருக்கு ஒரு சில்லு சில அமெரிக்கச் சதத்துக்கே கிடைக்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மையைக் குறித்துக்கொள்ளுங்கள். சில்லிலே கதை இல்லை. கதை ஏட்டிலே இருக்கிறது. எனவே அஞ்சவேண்டியதும் ஆராயவேண்டியதும் சில்லையன்று, ஏட்டையே.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தையும் போக்கிவிடுகிறேன். மின்கலமற்ற இச்சில்லு வானத்துச் செய்மதியோடு பேசுவதில்லை. உலகின் எந்த மூலையில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று அது எவருக்கும் அறிவிப்பதில்லை. இன்ன இலக்கம், இன்ன வாயிலை, இன்ன நேரத்திற் கடந்தது என்பதே கருவிக்குத் தெரியும். ஆனால் வாயில்தோறும் கருவி வைத்து, அவற்றின் குறிப்புகளை ஓர் ஏட்டிற் சேர்த்தாலோ, அது ஒரு மனிதனின் நாட்குறிப்பாகிவிடுகிறது. அவன் எழுதாத நாட்குறிப்பு. அவன் படிக்கமுடியாத நாட்குறிப்பு!

முதலில் நன்மையைச் சொல்வோம், நியாயம் அதுவே. அமெரிக்காவின் வால்மார்ட் கொம்பனி, தனக்குப் பொருள் வழங்கும் முதல் 100 பெரிய வியாபாரிகள் 2005 சனவரி முதல் தம் பெட்டிகளிற் சில்லு ஒட்டவேண்டும் என்று 2003இல் அறிவித்தது. அக்கடைகளை ஆராய்ந்த ஆர்க்கன்சாஸ் பல்கலைக்கழகத்தார், தட்டில் பொருள் இல்லையென்று வாடிக்கையாளர் திரும்பும் நிலை 16 வீதம் குறைந்ததாகக் கண்டனர். அவுஸ்திரேலியாவில் 2005ஆம் ஆண்டு முதல் மாட்டுக்கு மின்னணுக் காதுக்குறி கட்டாயமாயிற்று. ஒரு பண்ணையில் நோய் கண்டால், அங்கிருந்து எந்த மாடு எங்கே போயிற்று என்பதை விரைவில் அறிந்து, நோய் பரவுமுன் தடுக்க அது உதவுகிறது. இந்தியாவின் தேசிய நெடுஞ்சாலைகளில் 2021 பெப்ரவரி முதல் வாகனக் கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டாக் என்னும் சில்லு கட்டாயமானது. தமிழ்நாட்டின் சுங்கச்சாவடிகளில் சில்லறைக்காக நின்ற நெடிய வரிசை குறைந்தது.

இவை மெய்யான நன்மைகள். ஆனால் செலவை ஏற்றவர் யார் என்பதையும் கேட்கவேண்டும். வால்மார்ட் கட்டளையிட்டது, சில்லையும் கருவியையும் வாங்கவேண்டியவர்கள் பொருள் வழங்கியவர்கள். இலாபம் பெரியவனுக்கும் பாரம் சிறியவனுக்கும் போவது சந்தையின் பழைய குணம். நாளை நம் நெல்லுக்கோ, பாலுக்கோ, இறாலுக்கோ இத்தகைய குறி வேண்டுமென்று வெளிநாட்டு வியாபாரி கேட்பானாயின், அந்தச் செலவு பட்டிக்காரன் தலையிலும் முல்லைக்காரன் தலையிலும் விழாதிருக்க இன்றே நாம் பேசியாகவேண்டும்.

இது எங்கோ நடப்பதன்று. நம் வாசலுக்கே வந்துவிட்டது. நம் மாவட்டத்துப் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளிலே தைக்கிறார்கள். இலங்கையிலிருந்து பெருமளவில் ஆடை வாங்கும் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் நிறுவனம் 2003 முதலே ஆடைகளிற் சில்லு வைத்துச் சோதித்து, பின்னர் அதைத் தன் கடைகளெங்கும் விரிவாக்கியது. தையற்காரியின் கையிலிருந்து புறப்படும் சட்டை, இலண்டன் கடைத் தட்டிலே எத்தனையாவதாக இருக்கிறது என்பதை அந்நிறுவனம் அறிகிறது.

நமது துறைமுகத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2015 சனவரியில் இலங்கை மீனுக்குத் தன் சந்தையை அடைத்தது. 2016 யூனிலேதான் மீண்டும் திறந்தது. சந்தை திறப்பதற்காக நாடு ஏற்றுக்கொண்ட ஒழுங்குகளில் ஒன்று, ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாட் படகுகளிற் கண்காணிப்புக் கருவி பொருத்துவது. அது வேறு வகைக் கருவி; செய்மதியோடு பேசுவது. ஆனால் கேள்வி ஒன்றே. எல்லை கடந்த மீன்பிடியைத் தடுக்க அது பயன்படட்டும், புயலில் அகப்பட்ட படகைத் தேடவும் பயன்படட்டும், அதை வரவேற்கிறோம். ஆனால் எந்த நீரோட்டத்தில், எந்த மாதத்தில், எந்த இடத்திற் சூரை கிடைக்கும் என்பது மீனவன் உயிரைப் பணயம் வைத்துத் தேடிய செல்வம். அந்த ஏடு வியாபாரப் போட்டியாளன் கைக்குப் போகாது என்று உறுதி தருபவர் யார்?

பொருளிலிருந்து இனி மனிதனுக்கு வருவோம்.

இவ்வூரின் காகித ஆலை 1956இல் உற்பத்தியைத் தொடங்கிய காலத்து ஆலை ஏடுகளைப்பற்றி முதியவர்கள் அறிவார்கள். தொழிலாளி வந்த நேரமும் போன நேரமும் ஏட்டில் ஏறின. இன்று கழுத்திலே தொங்கும் அட்டைக்குள் சில்லு இருக்கிறது. பிரதான வாயிலில் மட்டும் கருவி இருந்தால் அது வரவுப் பதிவேடு. உணவறை வாயிலிலும், கழிவறை வாயிலிலும், சங்கப் பணிமனை வாயிலிலும் கருவி வைத்தால் அது என்ன? எவள் எத்தனை நிமிடம் கழிவறையில் இருந்தாள், எவன் எவனோடு சங்கக் கூட்டத்துக்குப் போனான் என்பதெல்லாம் முதலாளியின் மேசைக்கு வந்துவிடும். வேலை நேரத்தை விற்ற மனிதன் தன் மானத்தை விற்கவில்லை என்பதை மறக்கலாகாது.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 2017 ஆகஸ்டில் ஒரு கொம்பனி, இசைந்த ஊழியர் ஐம்பதின்மர் வரையினோருக்குக் கையின் தோலுக்குள்ளேயே அரிசிமணியளவு சில்லைச் செலுத்தியது. கதவைத் திறக்கவும், தின்பண்டம் வாங்கவும் அது வசதியாம்! அதே மாநிலம் 2006இலேயே, எவரையும் வற்புறுத்திச் சில்லுச் செலுத்தலாகாது என்று சட்டம் இயற்றியிருந்தது என்பதைக் கவனியுங்கள். சம்பளம் கொடுப்பவன் கேட்கும்போது, சம்பளம் வாங்குபவன் சொல்லும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்பதை அறிந்தவர்கள் இயற்றிய சட்டம் அது.

கொம்பனிகள் வலியன, நம்மால் ஆவது யாது என்று சோர்வடைவோருக்குச் சில செய்திகள் சொல்வேன். 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் டெஸ்கோ கடை, சவர அலகுப் பொதிகளிற் சில்லு வைத்தது. பொதியை எடுப்பவரின் படத்தை மறைவாகப் பிடித்தது. செய்தி வெளியானது, பொதுமக்கள் கடைவாயிலிலே மறியல் செய்தனர், சோதனை முடிவுற்றது. அதே ஆண்டு பெனற்ரன் ஆடைகளிற் சில்லு வரும் என்ற அறிவிப்பு எழுந்தது, வாங்கமாட்டோம் என்ற இயக்கமும் உடனே எழுந்தது, அந்நிறுவனம் பின்வாங்கியது. 2005இல் கலிபோர்னியாவின் சற்றர் என்னும் சிறிய ஊர்ப் பாடசாலையிலே பிள்ளைகளின் கழுத்திற் சில்லட்டை மாட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் பட்டி மாடுகளல்லர் என்று பெற்றோர் எதிர்த்தனர். சில வாரங்களில் அத்திட்டம் கைவிடப்பட்டது. சற்றர் பெரிய பட்டினமன்று. நம் வாழைச்சேனையைப் போன்ற ஊர்தான்.

நம் மக்களுக்கு இவ்விடயத்தில் ஒரு தனி அனுபவமும் உண்டு. 2009இல் முடிவுற்ற யுத்தத்தின் நீண்ட ஆண்டுகளில் அடையாள அட்டையின்றிச் சோதனைச் சாவடியைக் கடக்கமுடியாத வாழ்வை நாம் வாழ்ந்தோம். கடலுக்குப் போவதற்கும் அனுமதிச் சீட்டுக் காட்டினோம். ஒருவன் எங்கே போனான், எப்போது வந்தான் என்ற ஏடு பிறர் கையில் இருப்பதன் பொருளை நமக்கு எவரும் புத்தகத்திலிருந்து கற்பிக்கவேண்டியதில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியுள்ளது. குறித்த நோக்கத்துக்கே விவரம் சேர்க்கவேண்டும். தேவைக்கு மேல் வைத்திருக்கலாகாது. தன்னைப்பற்றிய விவரத்தைக் கேட்டறியும் உரிமை ஒருவனுக்கு உண்டு என்பன அதன் கொள்கைகள். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. அவ்வாண்டிலேயே திருத்தச் சட்டமும் வந்தது. சட்டம் காகிதத்தில் இருப்பது போதாது. அதைக் கேட்டு நடத்தும் மக்கள் வேண்டும்.

ஆகவே ஐந்து கோரிக்கைகளை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, எங்கே கருவி இருக்கிறதோ அங்கே அதை அறிவிக்கும் பலகை நம் மொழியிலே இருக்கவேண்டும். மறைந்து வாசிக்கும் உரிமை எந்தத் தாபனத்துக்கும் இல்லை.

இரண்டாவது, வரவுக்காக எடுத்த குறிப்பு வரவுக்கே பயன்படவேண்டும். கழிவறைக்கும், வழிபாட்டுக்கும், சங்கக் கூட்டத்துக்கும் ஏடு வேண்டாம்.

மூன்றாவது, ஏட்டைத் தொழிலாளியும் பார்க்கவேண்டும். சம்பளம் வெட்டுமுன் அவனுக்குக் காட்டவேண்டும். அவ்வாறாயின் அதே ஏடு, மேலதிக நேரம் உழைத்த தொழிலாளிக்கும் சாட்சி சொல்லும். கருவி இருபக்கமும் நியாயம் பேசும்.

நான்காவது, காலம் குறித்து அழிக்கவேண்டும். கடையிலே விற்ற பொருளின் சில்லைப் பணம் கட்டும் இடத்திலேயே செயலிழக்கச் செய்ய வழியுண்டு. வாங்கியவன் கேட்டால் அதைச் செய்யவேண்டும்.

ஐந்தாவது, குறியினால் இலாபம் பெறுபவனே குறியின் செலவையும் தாங்கவேண்டும். விவசாயியும் மீனவனும் தம் உழைப்பின் விவரத்தைக் கொடுத்துவிட்டு அதற்கு விலையும் கட்டுவது அநீதி.

இக்கோரிக்கைகளில் விஞ்ஞானத்துக்கு விரோதமான சொல் ஒன்றேனும் இல்லை. படித்த வாலிபர்கள் இக்கருவியின் நுட்பத்தைக் கற்கட்டும். நம் கூட்டுறவுச் சங்கங்கள் தம் களஞ்சியத்திலும் பாற்சேகரிப்பிலும் அதைப் பயன்படுத்தட்டும். ஏட்டை உறுப்பினர் தம் கையிலேயே வைத்திருக்கட்டும். சட்டமறிந்தோர் தொழிலாளருக்கு அவர்தம் உரிமையை எடுத்துரைக்கட்டும். வேலைக்குப் போகும் உங்கள் மகனிடமும் மகளிடமும் இன்றிரவே கேளுங்கள்: கழுத்திலே தொங்கும் அட்டை எதைச் சொல்கிறது, யாரிடம் சொல்கிறது? விடை தெரியாவிட்டால், நாளைக் காலை அதை முகாமையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டாற் குறை என்பார்கள். ஒரு தொழிற்சாலை முழுவதும் கேட்டால் உரிமை என்று ஒப்புக்கொள்வார்கள்.

பொருளுக்குக் குறி இருக்கட்டும். மனிதனுக்கு உரிமை இருக்கட்டும்.