முந்த முடியாத ஓட்டம்

(ஜூபிலி விழா மாலையில் ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டில் பேச வருகிறவர்கள் பங்கின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். அதைச் சொல்ல நம்மிடையே மூத்தோர் பலர் இருக்கிறார்கள். ஆகவே நாம் இன்று சற்றுத் தொலைவு சென்று, இத்தாலி நாட்டு மலையூர் ஒன்று தன் பாதுகாவலரின் திருநாளை எப்படிக் கொண்டாடுகிறது என்று பார்த்துவிட்டு வருவோம்.

அந்த ஊரின் பெயர் கூபியோ. அசிசி நகர் இருக்கும் அதே உம்பிரியா மாநிலத்தில், இஞ்ஞினோ என்னும் மலையின் சரிவில் கல்லால் கட்டிய பழைய நகரம். புனித பிரான்சிஸ் ஓர் ஓநாயைச் சாந்தப்படுத்திய கதையை ஞானோபதேச வகுப்பில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம் அல்லவா? அந்த ஓநாய் இந்த ஊர்க்காரர்களைத்தான் நடுங்க வைத்ததாம். ஆனால் கூபியோ மக்களின் உள்ளம் முழுவதும் வேறொரு புனிதரிடம் இருக்கிறது. அவர் பெயர் உபால்து.

உபால்து 1129 முதல் 1160 வரை இந்நகரின் ஆயர். மிகவும் பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர். மதில் கட்டும் வேலையில் தம் திராட்சைத் தோட்டம் சேதமாவதை அவர் எடுத்துச் சொன்னபோது, மேஸ்திரி கோபத்தில் அவரைச் சுண்ணாம்புச் சாந்தில் தள்ளிவிட்டானாம். ஆயர் எழுந்து, ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனார். ஊர் கொதித்தெழுந்து அவனைத் தண்டிக்கக் கூடியபோது, அவனை மன்னித்து முத்தமிட்டு அனுப்பியவரும் அவரே. மற்றொரு முறை தெருவில் இரு கட்சியார் வாளோடு மோதிக்கொண்டிருந்தார்கள். இவர் நடுவில் புகுந்து, வெட்டுண்டவர் போலத் தரையில் விழுந்து கிடந்தார். "ஆயரைக் கொன்றுவிட்டோமே!" என்று இரு கட்சியும் அலறியது, சண்டையும் நின்றது. 1155-ல் பேரரசன் பிரெடரிக் பார்பரோசா ஸ்பொலேத்தோ நகரை அழித்துவிட்டு வந்தபோது, அவனை எதிர்கொண்டு பேசித் தம் ஊரைக் காத்தவரும் இவரே. 1160 மே 16 அன்று இறைவனடி சேர்ந்தார். 1192-ல் திருத்தந்தை மூன்றாம் செலஸ்தீன் இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து இவர் திருவுடலை மலைமேல் கொண்டுபோய் வைத்தார்கள். இன்றும் அங்குள்ள பேராலயத்தில் பீடத்திற்கு மேலே கண்ணாடிப் பேழையில் அதைக் காணலாம்.

திருநாளுக்கு முந்தின நாளான மே 15-ல்தான் "செரி ஓட்டம்" நடக்கிறது. மழையோ வெயிலோ, எந்தக் கிழமையோ, தேதி மாறாது. செரோ என்றால் பெரிய மெழுகுதிரி. பல என்றால் செரி. இப்போது மெழுகு இல்லை. நான்கு மீட்டருக்கு மேல் உயரமான மரக்கூண்டுகள் மூன்று, ஒவ்வொன்றும் தூக்குமரத்தோடு ஏறக்குறைய 300 கிலோ எடை. ஒன்றின் உச்சியில் கொத்தர்களின் புனித உபால்து, அடுத்ததில் வணிகர்களின் புனித ஜார்ஜியார், மூன்றாவதில் உழவர்களின் வனத்து அந்தோணியார். (பதுவைப்பதியர் அல்ல, நம்மவர் குழம்பிவிட வேண்டாம்!) தூக்குபவர்களின் சட்டை முறையே மஞ்சள், நீலம், கறுப்பு.

நண்பகல் நெருங்கும்போது நகரசபை மாளிகையின் பெரிய மணி அதிரும். சுமார் இரண்டு டன் எடையுள்ள அந்த மணியை ஆட்கள் காலால் உந்தி ஆட்டுவார்கள். கீழே சதுக்கத்தில் தலைவர்கள் மண்குடத்து நீரைச் செரியின் அடியில் ஊற்றிவிட்டுக் குடத்தை வீசி எறிவார்கள். ஒரே வீச்சில் செரிகள் நிமிரும். உடைந்த ஓடு ஒன்றாவது கிடைக்காதா என்று கூட்டம் முண்டியடிக்கும். வீட்டில் வைத்தால் நல்லது என்று நம்பிக்கை.

பிறகு செரிகள் மெல்ல ஊர்வலமாகத் தெருத்தெருவாகப் போகும். முன்பு தோள் கொடுத்து இப்போது முதுமையிலோ நோயிலோ கிடப்பவர் வீட்டின் முன்னும், இறந்துபோனவர் வீட்டின் முன்னும் நிற்கும். அந்த இடத்தில் ஆரவாரம் அடங்கிவிடும்.

மாலையில் புனிதரின் திருவுருவப் பவனியும் ஆயரின் ஆசீரும் முடிந்ததும் ஓட்டம் தொடங்கும். நான்கு கிலோமீட்டருக்கு மேல் தூரம். குறுகிய தெருக்களில் இறங்கி, வளைந்து, கடைசியில் மலைமேல் செங்குத்தாக ஏற வேண்டும். ஓடிக்கொண்டே ஆட்கள் மாறிக்கொள்வார்கள். சாய்வதும் உண்டு, சில ஆண்டு விழுவதும் உண்டு. ஆனால் இதில் முதலிடம் எப்போதும் உபால்துக்கே, இரண்டாவது ஜார்ஜியார், மூன்றாவது அந்தோணியார்! யாரும் யாரையும் முந்துவதில்லை. முன்னால் போவது விழுந்தால், அதை எடுத்து நிறுத்தும் வரை பின்னால் வருவது காத்து நிற்கும். மலையுச்சியில் மட்டும் ஒரு சிறு விளையாட்டு. உபால்து கூட்டத்தார் உள்ளே நுழைந்தவுடன், ஜார்ஜியார் வருவதற்குள் கதவைச் சாத்தப் பார்ப்பார்கள். அவர்கள் அதற்குள் நுழையப் பார்ப்பார்கள்.

இது பக்தியா, வெறும் கூச்சலா என்று கேட்போர் உண்டு. செரேஸ் என்ற பழைய உரோமைத் தானிய தேவதையின் விழாவே இப்படி மாறியது என்று சில அறிஞர்கள் வாதாடுகிறார்கள். ஆயருக்கு மக்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த மெழுகுதிரிகளே பின்னர் மரமாயின என்பது மற்றவர் கட்சி. நமக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. எப்படியிருப்பினும், நோயாளி வீட்டு வாசலில் 300 கிலோவைச் சுமந்தபடி நிற்பவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்க நமக்குத் துணிவில்லை.

முதல் உலகப் போரில், 1917 மே 15 அன்று, கோல் தி லானா என்ற போர்முனையில் இருந்த கூபியோ வீரர்கள் அங்கேயே செரி செய்து மலைமேல் ஓடினார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போன கூபியோக்காரர்கள், ஜெஸப் என்ற ஊரிலும் இதைத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட ஓட்டம் 2020-லும் 2021-லும் பெருந்தொற்றால் நடைபெறவில்லை. 2022-ல்தான் செரிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன.

ஆண்டின் மற்ற நாள்களும் வெறுமையல்ல. பெரிய வெள்ளியன்று இறந்த ஆண்டவரின் சுரூபத்தோடு, மணிக்குப் பதில் மரக்கட்டைகள் ஒலிக்க, மிசெரேரே பாடிப் போகும் பவனி உண்டு. மே மாதக் கடைசி ஞாயிறன்று சான்செபோல்க்ரோ ஊராருடன் குறுக்குவில் போட்டி. இலக்கு 36 மீட்டர் தூரம். ஜூன் 2 அன்று சிறுவர்கள் சிறிய செரிகளைத் தூக்கி ஓடுகிறார்கள். அடுத்த தலைமுறையின் தோள் அங்கேதான் பழகுகிறது. 1981 முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் மலைச்சரிவு முழுவதும் விளக்குகளால் 650 மீட்டருக்கு மேல் உயரமான மரம் ஒன்றைத் தீட்டுகிறார்கள். அமல உற்பவத் திருநாளுக்கு முந்தின மாலை அதை ஏற்றுவார்கள். 2011-ல் திருத்தந்தை 16-ம் பெனடிக்ட் வத்திக்கானில் இருந்தபடியே ஏற்றி வைத்தார்.

மே 15-க்கே திரும்புவோம். ஓட்டம் முடிந்ததும் மூன்று புனிதர்களின் சுரூபங்களையும் செரிகளிலிருந்து கழற்றி, கையில் திரிகளோடு பாடிக்கொண்டு இருட்டில் மலையிறங்குவார்கள். பகலெல்லாம் கத்திக் கரகரத்த அதே தொண்டைகள்தாம். சுரூபங்கள் ஊரிலுள்ள கொத்தர்களின் சிற்றாலயத்தில் தங்கும். செரிகள் மேலே பேராலயத்தில், புனிதரின் பேழைக்கு அருகே நிற்கும். மறு ஆண்டு மே மாத முதல் ஞாயிறன்று அவற்றை இறக்கி வர ஊர் மறுபடியும் மலையேறும்.