பாட்டனார் எந்த மென்பொருளில் இருக்கிறார்?



குடும்ப வம்சாவளியைக் கணினியில் ஏற்றிவைத்திருப்பவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். அந்த மென்பொருளை விற்ற நிறுவனம் நாளைக்கே கடையை மூடினால், உங்கள் பாட்டனார் எங்கே போவார்?

இதற்கு 1984-லேயே ஒரு விடை வந்தது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் தலைமையிடம் கொண்ட மார்மன் திருச்சபை, ‘ஜெட்காம்’ என்றொரு கோப்பு வடிவத்தை வெளியிட்டது. ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துப்போகக்கூடிய வெறும் எழுத்துக்கோப்புதான். ஆளுக்கு ஓர் அடையாளக் குறி, குடும்பத்துக்கு ஒரு குறி. ஒன்று மற்றொன்றைச் சுட்டும். அக்காள் மகளைக் கட்டிய தாய்மாமனைக்கூட அது குழம்பாமல் ஏற்றுக்கொள்ளும். வம்சாவளிப் படம் வரையும் மென்பொருள்தான் ஒரே பாட்டியை இரண்டு இடத்தில் உட்காரவைத்துவிட்டு விழிக்கும்!

1999-ல் ஜெட்காமின் 5.5.1 என்ற பதிப்பு வரைவாக வந்தது. வந்தது, வரைவாகவே கிடந்தது. ஓராண்டு ஈராண்டல்ல, இருபது ஆண்டுகள்! உலக மொழிகளுக்கெல்லாம் இடம் தரும் யூடிஎஃப்-8 குறியீடு அதில் இருந்ததால், நிறுவனங்கள் வரைவையே தரநிலையாக எடுத்துக்கொண்டன. போதாததற்குத் தத்தம் சொந்தக் குறிச்சொற்களைச் செருகின. ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரியாது. கோப்பு இடம் மாறும்போதெல்லாம் ஆதாரக் குறிப்புகளும் படங்களும் உதிர்ந்தன. 2019-ல்தான் அந்த வரைவு முறையான தரநிலை ஆயிற்று.

பயனர்கள் சும்மா இருக்கவில்லை. 2010-ல் ‘பெட்டர்ஜெட்காம்’ என்று கூடினார்கள். 2012-ல் எஃப்எச்ஐஎஸ்ஓ என்ற அமைப்பையே கண்டார்கள். ஆனாலும் ஜெட்காமின் இடத்தை யாராலும் பிடிக்க முடியவில்லை. புதிய தரநிலையை எழுதிவிடலாம் ஐயா, அதை மற்றவர் கையில் எடுக்கவைப்பதுதான் பாடு.

2021-ல் திருச்சபையின் ஃபேமிலிசர்ச் அமைப்பு ஜெட்காம் 7.0-வை வெளியிட்டது. அபாச்சி என்ற திறந்த உரிமம், கிட்ஹப் தளத்தில் எல்லாரும் பார்க்கலாம், குறை சொல்லலாம், திருத்தம் கேட்கலாம். முடிவெடுப்பது ஃபேமிலிசர்ச்தான், மறுக்கவில்லை. ஒரே பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் பதியலாம். இன்னாருக்குத் திருமணம் நடக்கவே இல்லை என்பதையும் பதியலாம். எனக்கு மிகப் பிடித்தது அதுதான். வெற்றிடம் வேறு, ‘இல்லை’ என்ற செய்தி வேறு அல்லவா?

நமக்குள்ள குறை நாட்காட்டியில் இருக்கிறது. கிரிகோரியன், ஜூலியன், யூதர்களுடையது, பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களுடையது என நான்கைத் தரநிலை அறியும். கடைசியாகச் சொன்னது பன்னிரண்டு ஆண்டு அளவில் புழங்கி ஓய்ந்தது. அதற்கு நாற்காலி உண்டு. நம் அறுபது வருடச் சுழற்சிக்கு இல்லை. ‘விபவ வருடம், ஆவணி’ என்று ஜாதகத்தில் இருந்தால் அது 1868-ஆ, 1928-ஆ, 1988-ஆ?

வேறு நாட்காட்டிகளை நீட்சியாகச் சேர்க்க 7.0 வழிவிட்டிருக்கிறது. எழுதித்தர ஆள் வேண்டும். பஞ்சாங்கம் அறிந்தவர் ஒருவர், நிரல் எழுதுபவர் ஒருவர். இந்த அவையில் இரண்டு வகையினரும் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் மேடைப் பக்கம் வாருங்கள். பெயர் எழுதிக்கொள்ளத் தாள் வைத்திருக்கிறேன்.