பரண் ஒழித்தல்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். வீட்டை ஒழித்துப் பார் என்று மூன்றாவதாக ஒன்றை அவர்கள் சேர்க்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவர்களிற் பெரும்பாலோர் பிறந்த ஊரிலேயே வாழ்ந்து, இருந்த வீட்டிலேயே கண்ணை மூடியவர்கள். வீட்டைக் காலி செய்து சாவியை இன்னொருவர் கையில் கொடுக்கும் நிலை அவர்களுக்கு நேரவில்லை. உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் நாகபுரிக்கும் வந்து சேர்ந்த நமக்கோ, அந்த நிலை ஒரு வாழ்நாளில் இரண்டு மூன்று முறையாவது வந்துவிடுகிறது.

அரசாங்கக் குடியிருப்பில் இருப்பவர் ஓய்வு பெற்றால் குறித்த சில மாதங்களுக்குள் அதை ஒப்படைக்க வேண்டும். சில சமயம் கட்டடமே போய்விடுகிறது. தில்லியில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதிதாக அமைப்பதென்று மத்திய அமைச்சரவை 2016-ஆம் ஆண்டில் முடிவு செய்தது. அதனால் இடம் பெயர்ந்தவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சொந்த வீட்டில் இருப்போருக்கும் விடுதலை இல்லை. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடிக்கு முழங்கால் ஒரு நாள் ‘வரமாட்டேன்’ என்று சொல்லிவிடும். அல்லது தம்பதியரில் ஒருவர் காலமாகிவிடுவார். மற்றவரைத் தனியே விட மனமில்லாமல் பிள்ளைகள் தம்மிடம் அழைப்பார்கள். எந்தக் காரணமானாலும் முடிவில் ஓர் ஏணியை வைத்துப் பரணில் ஏறித்தான் ஆக வேண்டும்.

நம்முடைய பரண்கள் ஏன் இவ்வளவு நிறைந்து கிடக்கின்றன? பேராசை என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அது சரியன்று. 1929-இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் எத்தனை தலைமுறைகளின் பித்தளை அண்டாக்களும் வெண்கலப் பானைகளும் மாவடு ஜாடிகளும் வடக்கே வந்து சேர்ந்திருக்கும்! கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்று திரும்பும்போதெல்லாம் ஏதேனும் ஒன்று கூடவே வந்தது. வந்தது, இறக்கி வைக்கப்பட்டது. ஆனால் புழக்கத்துக்கு வரவில்லை. ‘ஊரில் வீடு கட்டினால் கிருகப்பிரவேசத்துக்கு ஆகும்’ என்று பரணில் ஏறிற்று. அந்த வீடு கட்டப்படவேயில்லை. அல்லது கட்டி, வாடகைக்கு விட்டு, பின்னர் விற்றும் ஆயிற்று. ஆகவே அண்டாவைக் கொடுத்துவிடு என்று மகன் சொல்லும்போது தாயின் காதில் விழுவது வேறு. ‘இனி நாம் ஊருக்குத் திரும்பப் போவதில்லை’ என்பதை அவள் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை அறியாமல் தொடங்குகிற வீட்டு ஒழிப்பு, முதல் நாள் மாலைக்குள் சண்டையில் முடியும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. யமுனைக்குக் கிழக்கே மூன்றாம் மாடியில் ஒரு வீடு. கணவரை இழந்த அம்மாளுக்கு வயது எழுபத்தெட்டு. வெளிநாட்டிலிருந்து பத்து நாள் விடுப்பில் மகள் வந்திருந்தாள். பத்து நாளில் நாற்பது வருஷத்தை முடிக்க வேண்டுமென்றால் மனிதருக்கு வேகம் வரத்தானே செய்யும்? முதல் நாளே மூன்று சாக்குகள் நிறைந்தன. கபாடிக்காரர் தராசுடன் வாசலில் நின்றார். சாக்கின் மேலாக மங்கலாய் ஒரு சொம்பு தெரிந்தது. அலுமினியம் என்று மகள் நினைத்திருந்தாள். அம்மாள் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் கழித்து, “இது ஈயச் சொம்பு. உன் பாட்டி எனக்கு ரசம் வைக்கக் கற்றுக் கொடுத்தது இதிலேதான்” என்றார். அன்று இரவு அந்த வீட்டில் இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

ஈயச் சொம்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஈயம் என்று வழங்கினாலும் நல்ல சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, காரீயத்தால் ஆனதன்று. வெள்ளீயம் 232 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். அதனால்தான் வெறுஞ் சொம்பை அடுப்பில் ஏற்றக் கூடாது என்பார்கள். அலுமினியத்தைக் காட்டிலும் அதன் விலை பல மடங்கு. காரீயம் கலந்ததோ என்ற ஐயம் இருந்தால் சமையலுக்கு ஆகாது. ஞாபகப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். பழைய உலோகம் எதையும் இன்னதென்று தெரியாமல் எடைக்குப் போடுதல் கூடாது.

இரண்டாம் நாள் அந்த வீட்டில் வேலையின் முறை மாறிற்று. மாற்றியவள் பேத்தி. பதினாறு வயது, வீட்டில் தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஒரு டிரங்குப் பெட்டியில் கயிறு கட்டிய கடிதக் கட்டுகள் இருந்தன. இன்லண்டு கடிதங்கள், தபால் அட்டைகள், இரண்டு மூன்று தந்திகள். தந்தி என்பது 2013 ஜூலையில் நின்றுபோன சேவை ஆதலால், அது என்ன காகிதம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. “பாட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டாள். அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

நேயர்கள் இந்த இடத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தில் பாட்டியின் கடிதங்களை ஐம்பது ஆண்டு கழித்தும் யாரேனும் பிரித்துப் படித்துவிடலாம். வெளி மாநிலங்களில் வளரும் நம் குழந்தைகளுள் பலருக்கு அந்த எழுத்தே தெரியாது. அந்தக் கட்டைப் படித்துச் சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் ஒருவரே. அவருக்கும் வயது எழுபத்தெட்டு. அவர் காலத்துக்குப் பின் அது வெறும் காகிதம். பாத்திரங்களின் கதியும் ஏறக்குறைய இதுவே. யார் சீராகக் கொடுத்தது, எந்தக் கல்யாணத்தில் வந்தது, அடியில் வெட்டியிருக்கும் எழுத்துகள் யாருடைய பெயர் என்பதைச் சொல்ல ஆளிருக்கும் வரையில்தான் அவை குடும்பத்துப் பொருள்கள். ஆகவே முதலில் கதையைக் கேட்க வேண்டும். பொருளின் கதியைப் பிறகு முடிவு செய்யலாம். இப்போது எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. பொருளைப் படம் பிடித்து, பெரியவர் சொல்வதைக் குரலாகவே பதிவு செய்துகொள்ளலாம். வியப்பு என்னவென்றால், கதை சொல்லி முடித்தபின் பெரும்பாலோர் பொருளைத் தாமே கொடுத்துவிடச் சம்மதிக்கிறார்கள். அந்த அம்மாள் ஏழு அண்டாக்களில் ஐந்தை மனமாரக் கொடுத்தார். ஈயச் சொம்பைக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியதும் இல்லை.

உடம்பின் விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அறுபதைக் கடந்தவர்கள் முக்காலியிலோ ஏணியிலோ ஏறுவதில்லை என்று வைத்துக்கொள்வது நலம். பழைய சாமானுக்காக இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், அந்த வயதில் பலர் மீண்டும் பழையபடி நடமாடுவதில்லை. இறக்குவது இளையவர் வேலை. தரையில் குனியாமல் பெட்டியைக் கட்டிலின் மேல் வைத்து, உட்கார்ந்தபடியே பார்ப்பது பெரியவர் வேலை. காலைக் காப்பிக்குப் பின் ஒரு மணி நேரம் போதும். முடிவெடுப்பதும் ஓர் உழைப்புத்தான். மாலையில் களைத்த மனம், ஒன்று எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லும். அல்லது எல்லாவற்றையும் வீசச் சொல்லும். தில்லிப் புழுதியும் மும்பை மழைக்காலத்துப் பூஞ்சையும் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகா. முகக்கவசம் வீட்டில் எப்படியும் மிச்சம் இருக்கும்.

காலமானவருடைய பொருள்களைப் பொறுத்தவரை என் கருத்து, முதல் ஆண்டு நிறையும் வரையில் அவசரம் இல்லாவிட்டால் தொட வேண்டாம் என்பதே. அவருடைய மூக்குக்கண்ணாடியும் கைத்தடியும் இடத்தை அடைத்துக்கொள்வது மிகக் குறைவு. ஆனால் அவருடைய காகிதங்களை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை பெறாத பங்குகள், அரசு நடத்தும் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படுகின்றன. பத்து ஆண்டுகள் யாரும் கோராத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகின்றன. போனாலும் வாரிசுகள் சான்றுகளுடன் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். பல வங்கிகளின் கோரப்படாத வைப்புகளை ஓரிடத்தில் தேடிப் பார்க்க 2023-இல் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. கோருவதற்கு முன், அப்படி ஒன்று இருக்கிறதென்று தெரிய வேண்டுமல்லவா? அது தெரிவது ஒரு பழைய தகரப் பெட்டியிலிருந்துதான். காப்பீட்டுப் பத்திரம், ஊர் நிலத்தின் பட்டா, தபால் நிலையப் புத்தகம் ஆகியவை பஞ்சாங்கங்களுக்கும் மின்சார ரசீதுகளுக்கும் நடுவே உறங்கும். புடைவை மடிப்புகளையும் உதறிப் பார்க்க வேண்டும். 2016-இல் செல்லாமற் போன நோட்டுகள் அங்கே இன்னும் அகப்படுகின்றன. அவற்றைச் சாதாரணமாகப் பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

புத்தகங்களுக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த பொன்னியின் செல்வனை, மணியம் வரைந்த சித்திரங்களுடன் வாரந்தோறும் கிழித்து எடுத்துப் பைண்டு செய்து வைத்த வீடுகள் பல. கதை எங்கும் கிடைக்கும். அந்தச் சித்திரங்களும் விளம்பரங்களும் துணுக்குகளும் சேர்ந்த ஏடுகள் எளிதில் கிடைக்கமாட்டா. ஏடுகளைப் புனிதமாகக் கருதி, ஆனால் படிப்பவரின்றி, ஆடிப்பெருக்கில் ஆற்றிலே விட்ட சமூகம் நம்முடையது. எஞ்சியவற்றைத் தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே. சாமிநாதையர் 1942-இல் மறைந்தார். அவர் சேர்த்தவை 1943-இல் சென்னையில் அவர் பெயரால் ஒரு நூல்நிலையம் ஆயின. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வீட்டில் தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1994-இல் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. உங்கள் வீட்டுப் பைண்டுகள் அத்தகைய இடத்துக்கு உரியனவா என்று எழுதிக் கேட்கலாம். 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கத்தைப் போல நீங்கள் இருக்கும் நகரத்துச் சங்கத்தையும் கேட்கலாம். ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பத்துச் சாக்குப் புத்தகங்களை நூலகத்தின் வாசலில் இறக்கிவிட்டு வருவது தானம் அன்று. நம் பரணை அவர்கள் தலையில் வைப்பதாகும்.

வேறொரு நிலையும் உண்டு. கட்டிலில் படுக்க இடமில்லை, அடுப்பருகே போக வழியில்லை, பழைய காகிதத் துண்டு ஒன்றை எடுத்தாலும் பெரியவர் பதறிப்போகிறார் என்றால், அது ஊர்ப் பாசம் என்று விட்டுவிடக் கூடாது. அளவுமீறிச் சேர்த்து வைத்தலைத் தனி நோயாகவே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வகைப்படுத்திற்று. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. மறதி நோயின் தொடக்கத்திலும் இத்தகைய பதற்றம் தோன்றலாம். அங்கே தேவை மருத்துவர். அவருக்குத் தெரியாமல் இரவோடிரவாக வீட்டைக் காலி செய்வது நோயை வளர்க்குமே தவிரத் தீர்க்காது.

தமிழ்நாட்டில் பழையன கழிக்கப் போகி ஒரு நாள். வடக்கே தீபாவளிக்கு முன் வெள்ளையடித்து வீட்டைத் துப்புரவு செய்வது ஊர் முழுவதற்கும் வழக்கம். இங்கே வாழும் நமக்கு இரண்டும் சொந்தம். ஆனால் எதையும் எரிக்க வேண்டாம், தில்லியின் மார்கழிக் காற்று ஏற்கனவே தாங்காது. பெரியவர்களோடு ஒழிக்கத் தொடங்குவோர் ஆவணியிலேயே தொடங்குவது உத்தமம். மழை சற்று ஓய்ந்திருக்கும். நாளுக்கு ஒரு மணி நேரமாகப் பார்த்து வந்தால் நவராத்திரிக்குள் பொம்மைப் பெட்டி கைக்கு வந்துவிடும். அதில் செம்மரத்து மரப்பாச்சி ஜோடி இருந்தால், அடுத்த தெருவில் புதிதாகக் குடித்தனம் வந்திருக்கும் பெண்ணை வெற்றிலைபாக்குக்கு அழைத்து, எண்ணெய் தடவித் துடைத்துக் கொடுக்கலாம். எந்த ஊரில் வாங்கியது என்பதையும் அவளிடம் சொல்லிக் கொடுங்கள்.