மருந்துக்கடையும் கவிதை ஏடும்



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது எனில், அங்கே பாடியவர்கள் மட்டும் அதற்குக் காரணர் அல்லர். விளக்குக்கு எண்ணெய் வார்த்தவர்களும் காரணர். பட்டுக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் மருந்துக்கடைக்காரரும் ஆங்காங்கே இப்பணியைச் செய்துவருகின்றனர். அவர்களுக்கு மேடையில் பொன்னாடை அணிவிக்கிறோம், அது முறையே. ஆனால் அப்புரவலரே கவிதையும் எழுதினால்? மலரின் முதற்பக்கம் அவருக்கென்று ஒதுக்கப்படுவதைத் தமிழகத்தில் கண்டு பழகிவிட்டோம். இதுபற்றி வாய்திறந்து பேசுவார் அரியர். பேசுதற்குத் துணையாக அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து மருந்துக்கடைக் குடும்பம் ஒன்றின் வரலாறு இருக்கிறது.

அக்குடும்பத்தின் முதல்வர் ஈலை லில்லி. 1838இல் பிறந்த அவர், பதினாறாம் வயதில் லஃபாயெட் ஊரில் ஒரு மருந்துக்கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். 1861இல் கிரீன்காசில் என்னும் சிற்றூரில் சொந்தக் கடை திறந்தார். அவ்வாண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டு பீரங்கிப் படையணி ஒன்றைத் திரட்டி வடவர் பக்கம் போரிட்டார். சிக்கமாகா முதலிய களங்களைக் கண்டார். 1864இல் அலபாமாவில் எதிரியிடம் சிறைப்பட்டு மீண்டார். கர்னல் பதவியோடு போர்த்தொழிலை விட்டார்.

போரில் தப்பியவரை அமைதிக்காலம் வீழ்த்தியது. மிசிசிப்பியில் பருத்தித் தோட்டம் எடுத்தார், மழை பொய்த்தது. 1866இல் மனைவி எமிலி மலேரியாவால் இறந்தார் என்பர். கையிலிருந்தது கடனும், தாயற்ற சிறுமகன் ஜோசையாவுமே. மீண்டும் மருந்துக்கடைக்கே வந்தார். 1869இல் இல்லினாய் மாநிலத்துப் பாரிஸ் என்னும் சிற்றூரில் பங்காளி ஒருவரோடு கடை நடத்தி, நொடித்த வாழ்வை நிமிர்த்தினார். பெயர் பாரிசேயாயினும் அது பிரான்சு நாட்டுத் தலைநகர் அன்று. சுற்றுவட்டத்து உழவர்கள் வந்துபோகும் சிற்றூர்.

1876 மே மாதம் இண்டியானாபொலிசில் 1,400 டாலர் முதலுடன் மருந்து செய்யும் கூடத்தைத் தொடங்கினார். மூவரே பணியாளர், அவருள் ஒருவர் பதினான்கு வயது மகன் ஜோசையா. தொடக்கக் காலத்தில் அங்குச் செய்த மருந்துகளுள் கொயினாவும் ஒன்று. எமிலியைக் கொண்டுபோன காய்ச்சலுக்கு மருந்து அது. (நீலகிரி மலையில் ஆங்கிலேய அரசு 1860இலேயே சின்கோனா நட்டதும் அக்காய்ச்சலை எண்ணியே.) உள்ளே இன்னதென்று சொல்லாமல் சர்வரோக நிவாரணி விற்போர் மலிந்த அந்நாளில், மருத்துவர் சீட்டெழுதித் தரும் மருந்துகளையே செய்வது என்பதில் உறுதியாய் நின்றார். 1898இல் மறைந்தார். 1923இல் இன்சுலினைப் பெருமளவில் செய்து விற்று அந்நிறுவனம் உலகப் புகழ் பெற்றது.

மூன்றாந் தலைமுறையில் எழுத்து புகுந்தது. பேரருள் மூத்தவர் தொல்பொருள் ஆய்வில் தோய்ந்தார். டெலவேர் பழங்குடியினரின் பண்டைக் காவியம் எனப்பட்ட ‘வாலம் ஓலம்’ என்னும் நூலைப் பெரும்பொருள் செலவிட்டு ஆராயச்செய்து 1954இல் வெளியிட்டார். அது பிற்காலத்துப் புனைவு எனப் பின்னர் அறிஞர் நிறுவினர். செல்வம் ஆய்வுக்கு ஆர்வம் தரும். பாடபேதம் பார்க்கும் கண்ணைத் தருவதில்லை. இளையவர் ஜோசையா லில்லி இருபதினாயிரத்திற்கும் மேற்பட்ட அரிய நூல்களைத் திரட்டி இந்தியானா பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். 1960இல் திறந்த லில்லி நூலகம் அதன் பயன்.

அந்த இளையவரின் மகள் ரூத் லில்லி 1915இல் பிறந்தவர். அவர் கவிதை எழுதினார். சிக்காகோவில் ஹாரியட் மன்றோ 1912இல் தொடங்கிய ‘பொயட்ரி’ என்னும் திங்களிதழுக்கு, மணவாழ்வின் பெயரில், அவற்றை அனுப்பிவந்தார். தாகூரின் பாடல்களை நோபல் பரிசுக்கு முன்பே, 1912 டிசம்பரிலேயே, வெளியிட்ட ஏடு அது. எலியட்டின் ‘புருஃபிராக்’கை 1915இல் அச்சிட்டதும் அதுவே. ஆசிரியர் ஜோசப் பரிசி ரூத்தின் கவிதைகளை ஏற்கவில்லை. தம் கைப்பட நயமான குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார். ஒருமுறையன்று, பலமுறை.

நெடுங்காலம் மனச்சோர்வில் ஒடுங்கி வாழ்ந்தவர் ரூத். கொள்ளுத்தாத்தா தொடங்கிய நிறுவனமே 1980களின் இறுதியில் வெளியிட்ட ‘புரோசாக்’ என்னும் மருந்து அவருக்குத் தெளிவு தந்தது என்பர். 1986இல் தம் பெயரால் ஒரு கவிதைப் பரிசை நிறுவி, அதை வழங்கும் பொறுப்பை அவ்விதழிடமே ஒப்படைத்தார். 2002இல் ஏறத்தாழ பத்துக் கோடி டாலர் மதிப்புள்ள கொடையை அறிவித்தார். கட்டுப்பாடான செலவில் ஓடிக்கொண்டிருந்த சிற்றேடு ஒரே நாளில் உலகின் செல்வ ஏடுகளுள் ஒன்றாயிற்று.

பெருஞ்சித்திரனாரை இங்கு நினைக்கலாம். தம்மைக் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலை, தாம் வணிகர் அல்லர் என்று கூறி மறுத்தவர் அவர். பாடலைக் கேளாமல் தரும் கொடை புலவர்க்கு இழுக்கு என்பது புறநானூற்று மரபு. ரூத் லில்லி கதையில் புலவரும் புரவலரும் ஒருவரே. பாடலைக் கண்டபின் மறுத்தது ஏடு. மறுப்புக்குப் பின்னும் கொடுத்தது கை. பரிசியின் நேர்மையையும் குறைத்து மதிப்பிடலாகாது. எந்தப் பெயர் அனுப்பியது என்பதைவிட எந்தக் கவிதை வந்தது என்பதையே அவர் நோக்கினார்.

மருந்து விற்ற பணம் கலைக்குப் பாய்ந்தது நமக்கும் புதிதன்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தம் மூலிகை மருந்துகளின் வருவாயால் 1912 முதல் இசை மாநாடுகள் கூட்டினார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். ஆனால் அவர் தாமே ஆய்ந்து தாமே அச்சிட்டார். பிறர் ஏட்டின் வாயிலில் நின்றவர் அல்லர். அவ்வகையில் ரூத்தின் நிலை இன்னும் கடினமானது.

கொடை பெற்ற இடத்தில் எல்லாம் இனிதே நடந்தது என்றும் சொல்வதற்கில்லை. அப்பணத்தால் எழுந்த கவிதை அறக்கட்டளை, நாட்டின் இனநீதிப் போராட்டத்திற்குப் போதிய ஆதரவு தரவில்லை என்று 2020இல் கவிஞர் பலர் கண்டன மடல் எழுதினர்; தலைமைப் பொறுப்பாளர் பதவி விலகினார். பணம் வந்தால் கணக்குக் கேட்போரும் வருவர், கேட்கட்டும்.

ரூத் லில்லி 2009 டிசம்பர் 30ஆம் நாள், 94ஆம் வயதில் மறைந்தார். ‘பொயட்ரி’ இதழ் அவருடைய கவிதை ஒன்றையும் வெளியிட்டதில்லை.