தை வாரமும் தெருவடுப்பும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இம்மேடையில் ரயில்வே எழுத்தர் ஒருவரைப் பேசப் பணித்தது சங்கத்தாரின் அன்பேயன்றி வேறன்று. பள்ளியிறுதி வகுப்போடு நின்றுவிட்ட எமக்கு இலக்கிய ஆராய்ச்சி வாராது. ஆதலின், 2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 13 முதல் 19 முடிய, மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்கள் கழித்த ஒரு வாரத்தைப் பற்றியே பேசத் துணிந்தோம். இறுதியில் ஒரு விண்ணப்பமும் உண்டு.

மும்பைக்குக் குளிர்காலமும் உண்டோ என்று ஊரிலிருந்து வருவோர் நகைப்பர். 1962-ஆம் ஆண்டு ஜனவரி 22 அன்று சாந்தாகுரூசில் வெப்பநிலை 7.4 பாகை செல்சியசுக்கு இறங்கியது என்று சொன்னால் நம்பார். அத்தகைய குளிர் பின்னர் வரவில்லை. ஆயினும் தைத் திங்களின் விடியற்காலையில் நம் தாய்மார்கள் குழந்தைகளின் காதை மறைத்துத் துணி கட்டுகின்றனர். தேநீர்க் கடையில் கூட்டமும் மிகுகின்றது.

திங்கட்கிழமை போகி. மாதுங்காவில், 1923-இல் தோன்றிய ஆஸ்திக சமாஜத்திலும் ஏனைய கோயில்களிலும் அன்றோடு மார்கழி வழிபாடு நிறைவுற்றது. தாராவிச் சந்துகளில் பழையன கொளுத்துவதை இப்போது பெரியோர்கள் தடுக்கின்றனர். இரண்டடி அகலச் சந்தில் தீ வைப்பது அறிவுடைமை ஆகாதன்றோ? பழம்பாயைக் குப்பை வண்டியில் போட்டுப் போகியை முடித்தோம். அண்டை வீட்டு மராத்தியத் தாயார் அன்றைக்கென்றே பல காய்களையும் எள்ளையும் கூட்டிச் சமைத்த போகிச்சி பாஜியும், கம்பு ரொட்டியும் கொடுத்தனுப்பினார். அதன் சுவையை நம் பொரியல் எட்டாது என்பது எமது கருத்து. இல்லத்தரசியார் இதற்கு உடன்படார்.

செவ்வாய்க்கிழமை பொங்கல். இங்கே ஒரு செய்தியைச் சற்று விரித்துரைக்க வேண்டும். மும்பை மேற்குக் கடற்கரையில் இருப்பதால், தை முதல் நாளில் ஏறத்தாழக் காலை 7 மணி 15 நிமிடத்துக்கே கதிரவன் எழுகின்றான். சென்னையைவிட அரைமணிக்கும் மேல் தாமதம். ஊரில் உறவினர் பொங்கிப் படைத்துவிட்டுத் தொலைபேசியில் 'பால் பொங்கிற்றா?' என்று கேட்கையில் இங்கே இருள் பிரிந்திராது. ஊரில் அன்று அரசு விடுமுறை. இங்கே தொழிற்சாலைச் சங்கு அனைவர்க்கும் பொது. எமது அலுவலகத்தில், விரும்புவோர் எடுத்துக்கொள்ளும் விடுப்பாக அது கிடைக்கலாம்; தோல் கடையிலும் தையற்கூடத்திலும் நாட்கூலி பெறும் தோழர்க்கு அதுவும் இல்லை. எனவே அவர்கள் ஐந்து மணிக்கே அடுப்பு மூட்டுகின்றனர். கதிரவனுக்குப் படைக்கும் பொங்கலைக் கதிரவன் வருமுன்னரே இறக்கி வைத்துவிட்டு, எட்டு மணி வேலைக்கு ஓடுகின்றனர்.

தொண்ணூறு அடிச் சாலையில் அவ்விடியலை யாம் கண்டோம். வீட்டு வாயிலுக்கு ஒன்றாக மும்மூன்று செங்கற்கள், அவற்றின்மேல் பானைகள். சில பானைகள் கும்பர்வாடாவில் குஜராத்திக் குயவர் வனைந்தவை. அரிசி களைந்த நீர் ஒருவர் அடுப்பிலிருந்து அடுத்தவர் கோலத்தில் சிந்திச் சிறு பூசலும் நிகழ்ந்தது. முதற்பானை பொங்கியபோது ஒரு மூதாட்டி குலவையிட்டார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடியினர் மிகுதியாதலின் அவ்வொலி வரிசை நெடுகத் தொடர்ந்தது. பூசலிட்ட அம்மையாரும் உடன் குலவையிட்டார். அன்று மாலை குஜராத்திச் சிறுவர்களின் காற்றாடிகள் வானை நிறைத்தன. மராத்தியர் எள்ளுருண்டை தந்து, இனிய சொல்லே பேசுக என்று வாழ்த்தினர்.

புதன்கிழமை மாட்டுப் பொங்கல். மாடில்லா ஊரில் அதைப் பற்றிச் சொல்லப் பெரிதும் ஒன்றுமில்லை. செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் படியேறிச் சென்று திரும்பினோம். வியாழனன்று காணும் பொங்கலை ஒருவரும் காணவில்லை; எல்லோரும் வேலையில் இருந்தோம். நம் காணும் பொங்கல் ஞாயிற்றுக்கிழமையன்றே வாய்க்கும்.

ஆண்டுதோறும் அந்நாளில் படகேறி எலிபண்டாத் தீவுக்குச் செல்வது எங்கள் குழுவினர் வழக்கம். ஆனால் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று, அத்தீவுக்குச் சென்ற பயணிகள் படகின்மீது கடற்படையின் விசைப்படகு மோதிப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிர்நீத்தனர். ஒரு திங்கள் கழித்து, குழந்தைகளோடு அந்நீரில் இறங்க எவர்க்கும் மனம் வரவில்லை. மேலும் ஜனவரி 19 அன்று தென் மும்பைச் சாலைகள் மாரத்தான் ஓட்டத்துக்கு உரியவை. ஆகவே போரிவலி சென்று, தேசியப் பூங்காக் காட்டினுள் இருக்கும் கன்ஹேரிக் குகைகளைக் காண முடிவு செய்தோம். ஞாயிறுதோறும் தண்டவாளப் பணிக்காக வண்டிகளைக் குறைக்கும் 'மெகா பிளாக்' எந்தப் பாதையில், எந்நேரம் என்பதைப் பார்த்துச் சொல்வது எமது பொறுப்பாயிற்று. சங்கத்துக்கு எம்மால் ஆகும் தொண்டு அதுவே.

கன்ஹேரியில் நூற்றுக்கு மேற்பட்ட குகைகள். கருங்குன்றைக் குடைந்து பௌத்தத் துறவியர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த இடம். கி.பி. 1009-லும் 1021-லும் அங்கு வந்த பார்சி மக்கள் 90-ஆம் குகையில் தம் வருகையைப் பகலவி எழுத்தில் பொறித்துச் சென்றனர். பிறந்த மண் நீங்கி இக்கரை சேர்ந்தோர் வழிவந்தவர்கள் சுவரில் எழுதிய எழுத்து அது. நாம் நெடுநேரம் அதன்முன் நின்றோம். புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது உடன்வந்த மாணவி ஒருத்தி, 'ஐயா, குகைதோறும் வாயிலில் தண்ணீர்த் தொட்டியும், பலர் அமரும் கல்திண்ணையும் இருக்கின்றனவே! பின்னர் சேர்த்தார்களா?' என்று வினவினாள். இல்லை, குடையும்போதே மழைநீர் வந்து விழும் கால்வாயோடும் தொட்டியோடும் குடைந்திருக்கின்றார்கள். மலையை வெட்டி முடித்தபின் தொட்டிக்கு இடம் தேட முடியுமா?

அக்கேள்வியே எமது விண்ணப்பத்துக்கு வித்து. அதானி குழுமமும் மாநில அரசும் சேர்ந்த நிறுவனம் மேற்கொண்டுள்ள தாராவி மறுசீரமைப்புக்காக 2024-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் வீடுகள் கணக்கெடுக்கப்பட்டன. 2000-ஆம் ஆண்டு தொடங்குமுன் தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்பது அறிவிப்பு. தனிக் கழிப்பறையோடு கூடிய வீடு வேண்டாமென்று நம்மில் யார் சொல்வார்? யாம் சொல்லமாட்டோம். ஆனால் அவ்வரைபடத்தில் தெருவடுப்புக்கு இடம் எங்கே?

எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று சில ஆண்டுகளுக்குமுன் வேறோர் அடுக்குமாடியின் ஏழாந்தளத்துக்குக் குடிபெயர்ந்தது. தைப் பிறப்பன்று வண்டி நிறுத்துமிடத்தில் செங்கல் அடுக்கினர். கூரையில் கரி படியும் என்று குடியிருப்போர் குழுவினர் தடுத்தனர். அவர்கள் சொன்னதும் பொய்யன்று. அக்குடும்பத்தார் பானையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் பழைய சந்துக்கே வந்து பொங்கினர். வாயு அடுப்பிலும் பால் பொங்கும். பக்கத்தில் நின்று குலவையிட ஆள் இராது. அந்தப் பழைய சந்தும் இனி எத்துணை ஆண்டுகளோ?

ஆகவே, ஒவ்வொரு கட்டடத் தொகுதியிலும் கூரையற்ற, தீயால் கேடுறாத கல் பாவிய முற்றம் ஒன்றை வரைபடத்திலேயே சேர்க்குமாறு கேட்போம். தைக்கு நாம், ஏனைய நாளில் கணபதிக்கும், நோன்பு திறப்புக்கும், திருமணத்துக்கும் அது எல்லோர்க்கும் பயன்படும். விண்ணப்பத்தைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதிச் செயலாளரிடம் கொடுத்துள்ளோம். கையொப்பத்தோடு வீட்டு எண்ணையும் தெளிவாக எழுதுக. குஜராத்தி, மராத்தி அண்டை வீட்டாரையும் அழைத்து வருக. தாள்கள் போதிய அளவு உள்ளன.