முயல் போன பாதை
(மீள்குடியேறிய குடும்பங்களுடனான கிராம மட்டச் சந்திப்பில் ஆற்றிய உரை)



சொந்த வளவுக்குத் திரும்பி வருவது எவ்வளவு பெரிய விடயம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்று ஒரு சின்னச் சம்பவத்தை மட்டும் சொல்கிறேன்.

பச்சிலைப்பள்ளிப் பக்கம், உங்களைப்போல் மீள்குடியேறிய ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். ஆவணி மாதம். சோளகக் காற்று அடங்கி, பனைகளுக்குப் பின்னால் பொழுதுபடுகிற நேரம். முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏழு வயது இருக்கும். அவன்தான் முதலில் கண்டான்.

வேலியோரப் புல்லுக்குள் ஒரு முயல். இரண்டு காதையும் நிமிர்த்தியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நாங்களும் அசையவில்லை. "நாங்கள் இல்லாத காலத்தில இதுகள்தான் எங்கட வளவில குடியிருந்தது" என்று அம்மா மெதுவாகச் சொல்லிச் சிரித்தார்.

முயல் துள்ளி ஒழுங்கையைக் கடந்தது. பிள்ளையும் எழுந்து ஓடினான். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. முயல் அதற்குக் கீழால் பற்றைக்குள் போய்விட்டது.

"தம்பி, நில்!"

அம்மா சொன்னது அவ்வளவுதான். பிள்ளை ஒழுங்கையிலேயே நின்றுவிட்டான். திரும்பி வந்து என்னிடம் கேட்டான்: "அக்கா, முயல் போகுது, வெடிக்கேல்லைத்தானே?"

பெரியவர்கள் நாங்களும் இதையேதான் நினைக்கிறோம். மாடு மேய்கிறது, ஆடு போய் வருகிறது, அப்படியென்றால் அந்தக் காணியில் ஒன்றும் இல்லை என்று. அது பிழை. முயல் பாரம் குறைந்தது. மாடு மிதிவெடிக்குப் பக்கத்தில் காலை வைத்துத் தப்பியிருக்கலாம். ஆனால் மிதிவெடி ஒரு சிறு பிள்ளையின் பாரத்துக்கே வெடிக்கக்கூடியது. அது பல ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் வெடிக்கும். மிருகம் போன பாதை மனிதருக்குப் பாதுகாப்பான பாதை அல்ல.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது:

முயல், உடும்பு என்று எதைக் கண்டாலும் அடையாளமிட்ட பகுதிக்குள் துரத்திப் போகாதீர்கள். கன்று உள்ளே போனாலும் பின்னால் போகாதீர்கள். வெளியே நின்று கூப்பிடுங்கள்.

வேலி அடைக்கவென்று எச்சரிக்கைப் பலகையையோ தடிகளையோ பிடுங்காதீர்கள். அது அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிர்.

பற்றைக்கு நெருப்பு வைத்துக் காணி துப்புரவாக்காதீர்கள். மாரி வெள்ளம் வெடிபொருட்களை இடம் மாற்றக்கூடும். மழைக்குப் பிறகு புதிதாக ஏதும் தெரிந்தால் கவனமாக இருங்கள்.

சந்தேகமான பொருளைத் தொடவோ, எறியவோ, எடுத்துவந்து காட்டவோ வேண்டாம். கிராம அலுவலருக்கோ, மிதிவெடி அகற்றும் பிரிவினருக்கோ, 119 என்ற இலக்கத்தில் பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

தெரியாமல் உள்ளே போய்விட்டால், நின்ற இடத்திலேயே நில்லுங்கள். குரல் கொடுங்கள். உதவி வரும்வரை ஓர் அடியும் வைக்காதீர்கள்.

அந்தப் பிள்ளை எப்படி உடனே நின்றான் என்று அம்மாவிடம் கேட்டேன். "வந்த நாளில இருந்து விளையாட்டு மாதிரிப் பழக்கினனான். நில் எண்டால் நிக்கவேணும், பிறகுதான் ஏன் எண்டு கேக்கலாம்" என்றார். இன்று இரவே உங்கள் வீட்டிலும் அதைப் பழக்கத் தொடங்குங்கள்.

முயல் நாளை பின்னேரமும் வரும். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தே பாருங்கள். இது உங்கள் முற்றம்.